ஓரத்துப் பென்சில் வரி

அந்த வெள்ளைப் பூத்துவாலையைக் கும்பகோணத்தில் வாங்கினேன். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்வதற்கென்றே எங்கள் தாலுகா ஆபீசில் தனித் துணைத் தாசில்தார் பதவி ஒன்று வரப்போகிறது என்று சேதி வந்த அதே வாரம். அதிகாரியின் நாற்காலி என்றால் முதுகில் துவாலை போர்த்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேக்கு நாற்காலியும் வெறும் நாற்காலிதான். எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இலாகா பரீட்சை மூன்றையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவன். ஆறு வருஷமாகத் தலைமை எழுத்தர். பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் பஞ்சநதம், அதாவது நான். வேறு யாருக்குப் போகும் என்று நினைத்தேன்.

சாமிதுரைக்குப் போயிற்று.

குத்தாலத்துப் பக்கம் ஒரு பண்ணையாளின் மகன் அவன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் மனசில் முதலில் வந்தது அதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? வயது முப்பத்தொன்று. கூட்டுறவு இலாகாவில் மேற்பார்வையாளராக இருந்தான். கல்லூரி நாளில் கட்சி மேடைகளில் நன்றாகப் பேசுவானாம். ஆட்சி மாறி நாலு வருஷம் ஆகியிருந்தது. மேடையில் பேசியவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு கதவு திறந்தது. இவனுக்குத் திறந்தது என் கதவு. கட்சிச் செயலாளர் நடராசன் மேலே ஒரு வார்த்தை சொன்னார். தற்காலிக நியமனம் என்று உத்தரவு வந்தது. ரெவின்யூவில் ஒரு நாள் வேலை பார்க்காதவன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

துவாலை பீரோவிலேயே கிடந்தது. என் மனைவி தங்கம்மாள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள், "அதை நான் எடுத்துக்கட்டுமா? தலை துவட்ட நல்லாருக்கும்" என்றாள்.

"தொடாதே" என்றேன். பதிலுக்கு அவள் சிரித்த சிரிப்பில் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேலைக்கு வந்த முதல் நாளே எழுந்து நின்று, "சார், எனக்கு ரெவின்யூ தெரியாது. நீங்க சொல்லித்தான் நடக்கணும்" என்றான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியை வைத்துக்கொண்டு பணிவையும் அவனே வைத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்? அவன் நாற்காலியில் துவாலை கிடையாது. போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை போலிருக்கிறது. தினமும் அந்த வெறும் முதுகைப் பார்த்தபடிதான் என் இடத்துக்குப் போவேன். வயிறு எரியும்.

இங்கே எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மையில் எழுதுவது சர்க்காருக்கு, பென்சிலில் எழுதுவது அதிகாரிக்கு. ஒரு ஃபைலை அதிகாரியின் மேஜைக்கு அனுப்பும்போது, விவரத்தை எல்லாம் மையில் குறிப்பாக எழுதிவைப்போம். மையில் எழுத முடியாத சமாசாரம் என்று ஒன்று இருக்குமே, இன்னார் ஃபோன் செய்தார், இன்னாருக்கு இப்படி விருப்பம் என்று, அதைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிசாக எழுதுவோம். அதிகாரி படித்ததும் ரப்பரால் அழித்துவிட்டு மையில் உத்தரவு போடுவார். ஃபைல் திரும்பி வரும்போது ஓரம் சுத்தமாக இருக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தெரிந்தவன் அதிகாரி, அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபைலில் முக்கியமான தாள் எது என்று தெரிய, அதில் சின்னச் சீட்டு ஒன்றைக் குத்தி வெளியே தெரியும்படி நீட்டி வைப்போம். ஃப்ளாக் என்போம். அதிகாரி யாராக இருந்தாலும், அவரைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், இருப்பதை அவர் கண்ணில் படும்படி வைப்பது எழுத்தன் வேலை. அதில் இருபத்திரண்டு வருஷம் நான் தவறியதில்லை.

தவறியது காத்தாயி ஃபைலில்.

காத்தாயி கீழப்படுகைக்காரி. அவள் புருஷன் ரெத்தினம் மிராசுதார் கோவிந்தராசுவின் ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். அவன் பாம்பு கடித்துச் செத்த பிறகு அவளே உழுதாள். குத்தகைக்காரி என்று தன் பெயரைப் பதிய வேண்டும் என்று மனு கொடுத்திருந்தாள். பெயர் ஏறிவிட்டால் அவளை யாரும் நிலத்திலிருந்து இறக்க முடியாது. ஏறாவிட்டால் குறுவை அறுத்ததும் வெளியே போக வேண்டியதுதான். சுற்றுவட்டாரத்தில் அப்படிப் போனவர்கள் நிறைய. செங்கொடி ஒரு பக்கம், மிராசுகள் ஒரு பக்கம், நடுவில் போலீஸ் என்று வாய்க்கால்கரையெல்லாம் சூடாகக் கிடந்த வருஷம் அது.

கோவிந்தராசு, "அது என் சொந்த சாகுபடி, அந்த அம்மா கூலிக்கு வந்தவள்" என்று பதில் மனு போட்டிருந்தார். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று கர்ணம் வருஷாவருஷம் எழுதுவது அடங்கல். அந்த வருஷத்து அடங்கலில் 'சொந்த சாகுபடி' என்றே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாலு வருஷமும் 'ரெத்தினம், குத்தகை' என்று அதே கர்ணத்தின் கையெழுத்தில் இருந்தது. ஐந்து அடங்கல் நகலும் என்னிடம் இருந்தன.

கோவிந்தராசு, செயலாளர் நடராசனுக்கு மைத்துனர்.

ஃபோன் வந்தது. பேசியது நடராசனின் ஆள். "அந்த மனுவைத் தள்ளிடச் சொல்லி அண்ணன் சொன்னாங்க. நம்ம சாமிதுரைதானே, நீங்க காதுல போட்டா போதும்" என்றான்.

நம்ம சாமிதுரை! ரிசீவரை வைத்தபோது எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அந்த வருஷத்து அடங்கலுக்கு மட்டும் ஃப்ளாக் குத்தினேன். மற்ற நாலையும் சீட்டில்லாமல் ஃபைலின் அடியில், பழைய தபால் உறைகளுக்கு நடுவே செருகினேன். மைக் குறிப்பில் அந்த நாலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஓரத்தில் பென்சிலால், 'மனுவைத் தள்ளலாம் என மேலிட விருப்பம்' என்று எழுதினேன்.

கணக்கு இதுதான். அவன் மனுவைத் தள்ளினால், காத்தாயி மேல்முறையீடு போவாள். அங்கே அந்த நாலு அடங்கலும் வெளியே வரும். ஃபைலைக்கூடப் படிக்காமல் உத்தரவு போட்டவர் என்று சப்-கலெக்டர் எழுதுவார். மனுவை ஏற்றால், அவனைக் கொண்டுவந்து வைத்த நடராசனே அவனைத் தூக்கிவிடுவார். எப்படிப் போனாலும் நாற்காலி காலி. பட்டியலில் அடுத்த பெயர் என்னுடையது.

மேல்முறையீடு முடிய ஒரு வருஷமாவது ஆகும். அதற்குள் காத்தாயியை வயலை விட்டு இறக்கிவிடுவார்கள். அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்த மூஸா பாய் போகாமல் நின்றார். மூஸா எனக்கு அடுத்த எழுத்தர், அதிராம்பட்டினத்துக்காரர், எதற்கும் பதறாதவர். "சார், ஓரத்தைப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். என் பென்சில் வரி அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே, மையில், இப்படி எழுதியிருந்தது: 'மேற்படி விருப்பம் யாருடையது, எப்போது, எந்த வழியில் தெரிவிக்கப்பட்டது என்பதைத் தலைமை எழுத்தர் எழுத்தில் வைக்கவும். பக்கம் 41 முதல் 44 வரை உள்ள அடங்கல்களையும் பார்த்தேன். வயலை நேரில் பார்த்து முடிவு செய்யப்படும்.' கீழே கையெழுத்து, தேதி.

மாட்டிக்கொண்டேன். ஃபைல் தபால் புத்தகத்தில் ஏறி, மூன்று மேஜை தாண்டி, எல்லோரும் பார்த்து வந்திருந்தது. இனி பென்சிலை அழித்தால் மைக்கேள்வி தலையில்லாமல் நிற்கும். தாளையே மாற்றினால் பக்க எண் காட்டிக்கொடுக்கும். அடுத்த நிமிஷம் சிரிப்பும் வந்தது. பட்டிக்காட்டான்! பென்சிலை அழிக்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. இவனுக்கு ஒரு நாற்காலி!

அவன் அறைக்குப் போனேன். "சார், ஓரத்துல பென்சில்ல இருந்தா, படிச்சுட்டு அழிச்சுடறது வழக்கம்" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

"அப்படிங்களா?" என்றான். "உக்காருங்க சார். இப்ப மை போட்டுட்டனே, என்ன பண்றது?"

"புதுசா ஒரு குறிப்பு எழுதித் தரேன். இந்தத் தாளை எடுத்துடலாம்."

"எடுத்துடலாம்தான். ஆனா அந்த விருப்பம் யாருதுன்னு நான் கேட்டது கேட்டதுதானே? நாளைக்குக் கீழப்படுகை போறேன். நீங்களும் வாங்க. வந்த பிறகு எழுதுங்க, அவசரமில்லை." பேச்சில் கோபமே இல்லை. அந்த நாலு அடங்கலும் எப்படி உறைகளுக்கு நடுவே போயின என்று அவன் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லி மனசு ஆறியிருப்பேன்.

ஆவணி மாதம். பஸ்ஸில் போய் இறங்கி வாய்க்கால்கரையில் நடந்தோம். குறுவை கதிர் வாங்கத் தொடங்கியிருந்தது. கோவிந்தராசு குடை பிடித்துக்கொண்டு, பண்ணைக் காரியக்காரர் ஒருவரோடு வந்து நின்றார். இந்தப் பக்கம் காத்தாயி, முழங்கால் வரை சேறோடு. நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். மனு கொடுக்க வந்த அன்று ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான்.

வயல் விசாரணை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லை கேட்போம், சர்வே நம்பர் கேட்போம், சாட்சியிடம் கைநாட்டு வாங்குவோம். எல்லை மிராசுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரே ஜெயிப்பார். சாமிதுரை எல்லையைக் கேட்கவே இல்லை. கோவிந்தராசுவைத் தனியாக ஒரு புளியமரத்தடிக்கு அழைத்துப்போனான்.

"இந்த வயலுக்குத் தண்ணி எப்படிங்க வருது?"

"வாய்க்கால்லேருந்து மடை வழியா வருது. வேற எப்படி வரும்?" என்றார் கோவிந்தராசு.

"வரப்புல எங்கயாவது ஓட்டை ஒழுக்கு உண்டுங்களா?"

"என் நிலத்துல ஓட்டையாவது! நான் பார்த்துப் பார்த்து வச்சிருக்கிற நிலம்."

அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான். பிறகு காத்தாயியை அழைத்து அதே கேள்வியைக் கேட்டான்.

"நேரா வராதுங்கய்யா" என்றாள் அவள். "மேலண்டை வயக்காரங்க பாய்ச்சி முடிச்சு அவுத்து விட்டாத்தான் எங்களுக்கு. வாய்க்கால் மடை மேடாயி மூணு வருசமாச்சு, அதுல சொட்டுத் தண்ணி ஏறாது. அப்புறம் வடவரப்புல ஒரு நண்டு வளை இருக்குங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா மிதிச்சு அடைக்கணும். விட்டா, வச்ச தண்ணி பூரா வடிகாலுக்குப் போயிடும். முந்தாநேத்துதான் அடைச்சேன்."

எல்லோரும் வடவரப்புக்குப் போனோம். புதுச் சேறு வைத்து மிதித்திருந்த இடம் தெரிந்தது. அதில் ஒரு கால் தடம், விரல் விரலாக. சாமிதுரை, "காலை வைங்கம்மா" என்றான். அவள் வைத்தாள். பொருந்தியது. வாய்க்கால் மடையையும் போய்ப் பார்த்தோம். அதில் எருக்கு முளைத்திருந்தது. கோவிந்தராசு குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. மூன்று பரீட்சை எழுதிய எனக்கு இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதுவரை அவன் நாற்காலியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். அது பரவாயில்லை, நாற்காலி கைமாறும். அந்தக் கேள்வி எனக்குக் கைமாறி வராது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டுவிட்டேன். "எப்படி சார் தோணிச்சு?"

"எங்கப்பாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆனா அந்தப் பண்ணையில எந்த வரப்புல எத்தனை வளைன்னு அவருக்குத்தான் தெரியும். முதலாளி கேட்டுத் தெரிஞ்சுப்பாரு" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காத்தாயியின் பெயரைப் பதிவு செய்து உத்தரவு போட்டான். ஓரத்துக் கேள்விக்கு நான் எழுதிய பதில் இது: 'தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. பேசியவர் பெயர் கேட்கப்படவில்லை.' பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அவனுக்கும் தெரியும். அதைப் படித்து, 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி சாமிதுரை கூட்டுறவு இலாகாவுக்கே திருப்பி அனுப்பப்படுகிறார், வேதாரண்யத்துக்கு. உப்பளத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அவன் வகித்த பதவியை மறு உத்தரவு வரை தலைமை எழுத்தர் பஞ்சநதம் கூடுதலாகக் கவனிப்பார்.

நான் போட்ட கணக்கு அப்படியே நடந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது அவன் என் மேஜை அருகே நின்றான். "சார், ஒண்ணு சொல்லாமப் போனா சரியா இருக்காது. அந்தப் பென்சில் வழக்கம் எனக்குத் தெரியும். கூட்டுறவுல பென்சில் இல்லாம ஒரு ஃபைலும் நகராது."

"தெரிஞ்சா ஏன் சார்..." என்று இழுத்தேன்.

"என்னை இங்க போட்டதே அந்த மாதிரி ஒரு சொல்லுதான். எந்தத் தாளிலயும் இருக்காது. உங்க இடம்னு தெரிஞ்சுதான் வந்து உக்காந்தேன். அந்த மாதிரிச் சொல்லு ஒரு ஃபைல்லயாவது அழியாம இருக்கட்டும்னு தோணிச்சு" என்றான். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நாகப்பட்டினம் பஸ் பத்தரைக்கு.

மறுநாள் பீரோவிலிருந்து துவாலையை எடுத்தேன். தங்கம்மாள் மடிப்பைத் தடவிக் கொடுத்தாள். நாற்காலியில் போர்த்தினேன். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. எத்தனை நாள்? ஒரு பத்து நாள்.

புரட்டாசியில் கோவிந்தராசுவின் மனு மறுபடி வந்தது. பதிவேட்டில் காத்தாயியின் பெயர் தவறாக ஏறிவிட்டது, திருத்தி நீக்க வேண்டும் என்று. கூடவே நடராசனின் ஆள் ஃபோன் செய்தான், இந்தத் தடவை நேராக எனக்கு. "இதை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க. அண்ணன் உங்களை நிரந்தரம் பண்ணிடறேன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு வரவேண்டியதுதானே சார் அது, இத்தனை வருசம் கழிச்சு?" என்றான். அவன் சொன்னது பொய்யும் இல்லை. எனக்கு வரவேண்டியதுதான்.

மூஸா பாய் குறிப்பு எழுதி அனுப்பினார். பழைய நாலு அடங்கலுக்கும் வரிசையாக ஃப்ளாக் குத்தியிருந்தார். எழுத்தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். அவருக்கும் ஃபோன் போயிருந்தது. ஓரத்தில், வழக்கப்படி, மெல்லிசான பென்சிலில்: 'திருத்தத்தை ஏற்கலாம் என மேலிட விருப்பம்.'

ரப்பரைக் கையில் எடுத்தேன்.

எடுத்துவிட்டு, என்ன பைத்தியமோ, ஃபைலைப் பின்னால் புரட்டினேன். அந்தப் பக்கம் வந்தது. என் பென்சில். அதன் கீழே அவன் மை. அதற்கும் கீழே என் கோழைப் பதில். ரெக்கார்டு அறையில் இந்த ஃபைல் முப்பது வருஷம் கிடக்கும். யாராவது ஒருவன் ஒரு நாள் திறப்பான். இந்தப் பக்கத்தைப் பார்ப்பான், அடுத்து என் பக்கத்தைப் பார்ப்பான், ரப்பர் தேய்த்த ஓரத்தோடு. தற்காலிகமாக ஐந்து மாசம் வந்துபோன ஒருத்தன் அதிகாரியாக இருந்தான், மூன்று பரீட்சை பாஸ் செய்த பஞ்சநதம் எழுத்தனாகவே இருந்தான் என்று நினைப்பான்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. காத்தாயிக்காக இல்லை. நியாயத்துக்காகவும் இல்லை. அந்த நல்ல பெயர் முழுக்க அவனுக்கே போவதா என்ற ஒரே வயிற்றெரிச்சலில் ரப்பரை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

அவன் எழுதியது மூன்று வாக்கியம். நான் ஒன்பது வரி எழுதினேன். இன்ன தேதி, இத்தனை மணிக்கு, செயலாளர் நடராசன் சார்பில் தொலைபேசியில் பேசப்பட்டது என்று முதல் வரியிலேயே வைத்தேன். இந்தத் தடவை பெயரை விடவில்லை. விருப்பம் என்பது சாட்சியம் ஆகாது என்று எழுதினேன். சட்டப் பிரிவு, விதி எண், ஐந்து அடங்கல், நண்டு வளை, கால் தடம், எதையும் விடவில்லை. ரெவின்யூத் தமிழில் அதைவிட நன்றாக ஒரு உத்தரவை அந்த ஆபீசில் யாரும் எழுதியதில்லை. திருத்த மனு தள்ளுபடி. கையெழுத்து, தேதி.

மூஸா பாய் படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "சார், துவாலையை இப்பவே மடிச்சு வச்சுக்கட்டுமா?" என்றார்.

அவனுக்கு எட்டு நாள் ஆயிற்று. எனக்கு ஐந்தே நாள். அதிலாவது அவனை முந்தினேன். நிர்வாக நலன் கருதி நான் என் பழைய மேஜைக்குத் திரும்பினேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் எங்கே போயிற்று என்று பிறகு தேடவேண்டியிருந்தது. துவாலை தங்கம்மாளின் தலைக்குப் போயிற்று.

ஐப்பசியில் காத்தாயி வந்தாள். குறுவை அறுத்து, அடுத்த நடவும் முடித்துவிட்டாளாம். வெறும் முதுகோடு கிடந்த அந்த நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிதுரை அய்யா இல்லைங்களா?" என்றாள்.

"மாத்திட்டாங்கம்மா. வேதாரண்யம்."

"அடப்பாவமே! அவுங்க போட்ட உத்தரவை யாராலயும் அசைக்க முடியலையாமே. திரும்ப மனுப் போட்டும் நடக்கலைன்னு ஊரே பேசுதுங்கய்யா. எப்பேர்ப்பட்ட எழுத்து!" என்றாள்.

அசைக்க விடாமல் வைத்தவன் உன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அந்த நாலு அடங்கலை ஒளித்தவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மடியிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "அந்த அய்யாவுக்கு நாலு வரி எழுதணுங்க. ஃபாரமெல்லாம் நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க, உங்க கையாலயே எழுதிடுங்க. உங்க ஒருத்தராலதான் எங்க அடுப்பு எரியுதுன்னு எழுதுங்க."

எழுதினேன். 'உங்கள் ஒருவரால்தான்' என்ற இடத்தில் பேனா நின்றது. 'ஒருவரால்' என்பதை விட்டுவிட்டால் என்ன, அவளுக்கா படிக்கத் தெரியும்? ஆனால் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் தொழில். அதில் ஒரு தடவை தவறியது போதும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். யார் எழுதியது என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசியது.

கார்த்திகையில் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தாள். உறையைப் பிரித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். பயிர் எப்படி இருக்கிறது, வாய்க்கால் மடையைத் தூர் வாரச் சொல்லி மனுக் கொடுங்கள், நண்டு வளையை மறக்காதீர்கள். அவ்வளவுதான். நீலமையில், நிதானமான எழுத்து. நான் கடைசி வரியைப் படித்து நிறுத்தியபோது, அவள் விரலை நீட்டினாள்.

"ஓரத்துல என்னமோ மங்கலா இருக்கே, அது என்னங்கய்யா?"

பென்சில். தாளின் ஓரத்தில், எங்கள் ஆபீஸ் வழக்கப்படியே, மெல்லிசாக. 'தலைமை எழுத்தர் பார்வைக்கு: மூஸா பாய் உங்கள் உத்தரவின் நகலை அனுப்பியிருந்தார். ஒன்பது வரியையும் படித்தேன், சார். எனக்கு இந்த ஜென்மத்தில் அப்படி எழுத வராது. பொறாமையாக இருந்தது.'

அதை இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதற்கு என்ன. அவனுக்கு என்னைப் பார்த்து! இதற்காகத்தானே நான் அத்தனையும் செய்தேன்.

"உனக்கு இல்லம்மா, எனக்கு. ஆபீஸ் சமாசாரம்" என்றேன். "பென்சில்ல எழுதினா, படிச்சுட்டு அழிச்சுடறது வழக்கம்."

"அப்ப அழிச்சுடுங்க. காகிதம் சுத்தமா இருக்கட்டும். நான் பத்திரமா வச்சிருக்கப் போறது."

மேஜையிலிருந்து ரப்பரை எடுத்தேன். அந்த வரியின் மேல் வைத்தேன். கை நகரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்று கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனாள். அவள் வாசலைத் தாண்டிய பிறகுதான், இன்னும் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.